அவ்தோவின் அடிக்குரல்

எங்கள் ஊரில் பாடத் தெரியாத ஆண்பிள்ளை இருக்க முடியாது. அப்படி ஒருவன் இருந்தால் உடம்புக்கு ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார்கள். விருந்து மேஜையில் உட்கார்ந்தவன் குடிக்க வேண்டும், குடித்தவன் பாட வேண்டும். மேல்குரலும் நடுக்குரலும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, ஊருக்கு இரண்டு மூன்று பேர் தேறுவார்கள். மற்றவர்கள் எல்லாம் அடிக்குரல். மேலே இரண்டு பேர் மாறி மாறி ஏறி இறங்குவார்கள், கீழே மற்றவர்கள் ஒரே சுருதியை 'ஓ' என்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவனுக்கு மூச்சு முட்டினால் அடுத்தவன் பிடித்துக்கொள்வான். அதனால் எங்கேயும் அறுபடாது.

என் பக்கத்து வீட்டு அவ்தோ அந்தக் கீழ்க்கூட்டத்தில் ஒருவன். வாட்டசாட்டமான ஆள், அடர்ந்த மீசை. பாட்டு தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்வான். கழுத்து நரம்பு புடைக்கும், மீசை நடுங்கும், முகத்தில் உலகத்துத் துக்கமெல்லாம் வந்து இறங்கும். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு உருகிவிடும். சத்தம் மட்டும் வராது.

இது எனக்குத் தெரிந்தது ஒரு ஞானஸ்நான விருந்தில். எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். ரொட்டி வைப்பதற்காக அவன் தோளுக்கு மேலே குனிந்தேன், என் காது அவன் வாய்க்குப் பக்கத்தில் போய்விட்டது. உள்ளே காற்று போவதும் வருவதும் கேட்டது, அவ்வளவுதான். ஊரில் எனக்கு வாய் நீளம் என்று பெயர். எத்தேரிக்குத் தெரிந்தால் பக்கத்து டவுன் தெலாவியின் சந்தைக்கே தெரிந்த மாதிரி என்பார்கள். ஆனாலும் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவனை மட்டும் வேலியோரம் நிறுத்திக் கேட்டேன்.

"ஏண்டா, உனக்குப் பாட வராதா?"

"மெதுவா பேசுக்கா."

"எத்தனை வருஷமா இந்தக் கூத்து?"

"இஸ்கூல்ல இருந்து" என்றான்.

பள்ளிக்கூடப் பாட்டுக்குழுவில் இருந்தானாம். மாவட்டப் போட்டி வந்தது. பாட்டு வாத்தியார் ஒவ்வொருவனையாகப் பாடவிட்டுப் பார்த்தார். அவ்தோ தொடங்கின சுருதி ஓர் இடத்தில் நிற்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் நிற்கிறவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. வாத்தியார் அவனை வெளியே அனுப்பியிருக்கலாம். ஆனால் ஆள் உயரம், முன்வரிசையில் நிறுத்தினால் எடுப்பாக இருப்பான். 'நீ வாயை மட்டும் அசை' என்று சொல்லிவிட்டார். குழுவுக்குப் பரிசு கிடைத்தது. பரிசு வாங்க மேடைக்கு அவனையே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவன் திருந்துவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

கூட்டுப்பண்ணைக் காலத்தில் திராட்சை லாரி ஓட்டினான். நாடு துண்டு துண்டாக உடைந்து, கரண்ட் இல்லாமல் விளக்கு எரியாத வருஷங்களில் மண்ணெண்ணெயும் ஆட்களும் ஏற்றினான். பிறகு ஒரு பழைய வேன் வாங்கி, தெலாவிக்கும் தலைநகர் திபிலிசிக்கும் நடுவே ஓட்டினான். யாரிடமும் கூடுதலாக வாங்கமாட்டான், போதையில் வண்டி ஏறமாட்டான். நல்ல மனிதன். அந்த ஒரே பொய்யைத் தவிர வேறு பொய் அவனிடம் இல்லை. அதைக்கூட விட்டிருப்பான், நனூலி இல்லாதிருந்தால்.

நனூலி அவன் பெண்டாட்டி. குர்ஜானி பக்கத்துப் பெண். அவளுடைய சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு எங்கள் ஊர் ஆட்கள் மாப்பிள்ளைத் தோழர்களாகப் பாடிக்கொண்டே போனார்கள். நனூலி வாசலில் நின்றிருந்தாள். அத்தனை குரல்களுக்கு நடுவே ஓர் அடிக்குரல் அவளைப் பிடித்துக்கொண்டது. அவளே என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்: "அக்கா, அது காதுல கேக்கல, கால்ல ஏறிச்சு." குரல் வந்த திசையில் பார்த்தாள். அங்கே அவ்தோவின் மீசை நின்றது. அவனுக்குப் பின்னால், அவன் தோளுக்குக் கீழே மறைந்து, குள்ளமான ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் ரேஸோ, என் வீட்டுக்காரர்.

இதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை. என் புருஷன் குரலை நம்பி ஒருத்தி பக்கத்து வீட்டில் குடும்பம் நடத்துகிறாள் என்பதை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது? சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. நான் ரேஸோவைக் கட்டிக்கொண்டது குரலுக்காக இல்லை. எங்கள் அப்பாவுக்கும் அவர் அப்பாவுக்கும் திராட்சைத் தோட்டம் ஒட்டி ஒட்டி இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு நனூலி அவ்தோவிடம் தனியாகப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொன்னான். அடிக்குரலைத் தனியாகப் பாடக்கூடாது, அது குரலுக்கு ஆகாது என்பான். தொண்டை கட்டியிருக்கிறது என்பான். பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்பான். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போலந்து போய்ச் சேர்ந்தார்கள், அவன் அப்போதும் பாடவில்லை.

எங்கள் ஊருக்குப் பாட்டுக் கற்றுக்கொள்ள வெளிநாட்டுக்காரர்கள் கூட்டமாக வரத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகின்றன. திராட்சை அறுவடை முடிந்ததும் வருவார்கள். என் வீட்டு மாடியில் தங்குவார்கள், நானும் நனூலியும் சமைப்போம், ஷால்வா பாட்டுச் சொல்லிக்கொடுப்பார், அவ்தோ வேன் ஓட்டுவான். ஷால்வாதான் எங்கள் ஊர் நடுக்குரல். நல்ல பாடகர், கெட்ட வாய். வருகிறவர்களைப் பற்றிக் குறை சொல்லமாட்டேன். காலையில் எழுந்ததும் தோட்டத்தில் வரிசையாக நின்று 'ஓ' என்பார்கள், என் கோழிகள் இரண்டு நாள் முட்டையிடாது. வேனிலும் பாடுவார்கள். அவ்தோவையும் சேர்ந்துகொள்ளச் சொல்வார்கள். "வண்டி ஓட்டுறப்ப பாடினா போலீஸ் புடிப்பான்" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்வான். நம்பிவிடுவார்கள்.

இந்த வருஷம் வந்தவர்கள் நார்வேக்காரர்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவள் இங்ரித். பல வருஷமாக வருகிறாள், எங்கள் பாஷையை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவாள். இந்தத் தடவை ஒரு பெட்டி நிறைய சட்டையில் மாட்டுகிற சின்னச் சின்ன மைக்குகள் கொண்டுவந்திருந்தாள். பாடுகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று. ஒவ்வொரு குரலும் தனித்தனியாகப் பதிவாகுமாம். கற்றுக்கொள்கிறவர் ஆளுக்கொரு குரலை ஹெட்போனில் கேட்டுப் பிடித்துக்கொள்ளலாமாம். குரல் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க ஆட்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைக்க வேண்டும் என்றாள்.

நனூலி மாவு பிசைந்துகொண்டிருந்த கையோடு வந்து கேட்டாள். "என் வீட்டுக்காரர் குரலும் தனியா வருமா?"

"வரும். கூட இருக்கறவங்க தூரத்துல லேசா கேக்கும். அவர் மட்டும் கிட்டத்துல."

"நான் கேக்கலாமா?"

"நாளைக்கு மத்தியானம் எல்லாரும் கூடத்துல உக்காந்து கேப்போம். நீங்களும் வாங்க."

அவ்தோ வாசலில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். அடித்த காற்றை நிறுத்த மறந்து நின்றதை நான் பார்த்தேன்.

சாயங்காலம் சமையல்கட்டுக்கு வந்தான். "அக்கா, பிரேக் சரியில்ல. தெலாவிக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"பிரேக் காலைல நல்லாத்தானே இருந்துச்சு?"

"நாக்கால என்னைக் கொல்லாதக்கா. ஒரு வழி சொல்லு. பாடினா பாட்டு நாசம். பாடலன்னா நாளைக்கு அவ கேட்டுடுவா."

"கேட்டா என்ன? இந்த வயசுல உன்னை விட்டுட்டு ஓடப்போறாளா?"

"ஓடமாட்டா" என்றான். "ஆனா ஒரு மாதிரி பார்ப்பால்ல, அத என்னால தாங்க முடியாது. அவ அப்பன் பார்த்த பையன் ஒருத்தன் இருந்தான், மூணு மாடி வீடு. அவன வேணாம்னுட்டு அந்தக் குரலுக்காகத்தான் எங்கூட வந்தா."

எனக்குப் பாவமாக இருந்தது. அதே சமயம், அந்தக் குரலை நான் தினமும் 'உப்பு எங்கே, செருப்பு எங்கே' என்று கேட்டுக்கொண்டிருக்கிறேனே என்று நினைத்தால் சிரிப்பும் வந்தது. வழி ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. வாசலில் ஷால்வா கத்தினார்.

"டேய் அவ்தோ! எங்கடா பதுங்குற? அந்த அம்மா அஞ்சு அடிக்குரல் கேக்குது. நீ இல்லன்னா நாலுதான். வந்து உக்காருடா மலைமாடு!"

அவன் போய் உட்கார்ந்தான். இங்ரித் அவன் காலரில் மைக்கை மாட்டினாள். ரேஸோவை மேஜையின் அந்தக் கோடியில் உட்கார வைத்தாள், அவனை இந்தக் கோடியில். பாட்டு தொடங்கியது. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம் பாடப்போகிறான் என்றே நினைத்தேன், தொண்டை அசைந்தது. ஷால்வா நடுக்குரலில் நன்றாக ஏறிக்கொண்டிருந்தார், நார்வேக்காரர்கள் கண் கலங்க உட்கார்ந்திருந்தார்கள். அவ்தோ வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பாட்டைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் நனூலி கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி வந்தாள். பச்சை ரவிக்கை, காதில் அவள் அம்மாவின் தோடு. அவ்தோ வேனைக் கழுவுகிறேன் என்று வெளியே போய்விட்டான். கழுவின வேனையே கழுவிக்கொண்டிருந்தான்.

கூடத்தில் ஆளுக்கொரு ஹெட்போன். தோர்ஸ்டைன் என்று ஒரு பெரியவர், அவர் ஊரில் பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர், முதலிலேயே கேட்டு அவ்தோவின் குரலை வாங்கிக்கொண்டார். பாடும்போது அந்த முகம் அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டதாம். காதில் மாட்டிக் கேட்டார். புருவத்தைச் சுருக்கினார். சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். ஜன்னல் வழியே அவ்தோவைப் பார்த்தார். அவ்தோவும் துணியைப் பிடித்தபடி அவரைப் பார்த்தான். பெரியவர் மெல்லத் தலையசைத்து, "நல்ல குரல்" என்றார். எங்கள் பாஷையில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது.

நனூலி கையை நீட்டினாள். அவரால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

பாட்டு முழுவதும் கேட்டாள். நான் ரொட்டிக் கூடையோடு அப்படியே நின்றேன். தொடக்கத்தில் சிரித்த முகம் இருந்தது. பிறகு சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, அதை எடுத்துவிட மறந்துபோன மாதிரி. தலையைச் சாய்த்தாள். ஏதோ தூரத்தில் கேட்பதைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்று புரிந்தது. முடிந்ததும் கழற்றிப் பெரியவரிடம் கொடுத்தாள். "அந்தக் கோடில உக்காந்தவங்களோடது கொடுங்க" என்று இங்ரித்திடம் கேட்டாள். ரேஸோவின் குரல் பதிந்திருந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அதை முழுவதும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கழற்றிவிட்டாள்.

"எப்படி இருக்கு?" என்று இங்ரித் கேட்டாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஷால்வாவும் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர் குரலா? ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் நனூலி.

சமையல்கட்டில் வெங்காயத்தை எடுத்து வெட்டத் தொடங்கினாள். வெங்காயம் தேவைப்படுகிற சமையல் அன்று ஒன்றும் இல்லை.

"உனக்கு முன்னமே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"அந்தக் கல்யாணத்துல பாடினது..."

"அவருதான். அவ்தோவுக்குப் பின்னாடி நின்னார். குள்ளம், உன் கண்ணுக்குப் படல."

"அப்ப என் குரலைத்தான் நீ இத்தன வருஷமா வச்சிருக்க."

"வேணும்னா எடுத்துட்டுப் போடி. கூடவே அவரோட அழுக்குக் காலுறையையும் எடுத்துட்டுப் போ."

அவள் சிரிக்கவில்லை. இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் அவ்தோவோடு பேசவில்லை. திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். தட்டை வைத்தாள், எடுத்தாள், அவ்வளவுதான். அவன் மலைப்பக்கத்துக் கோயிலுக்குக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போனான், கொண்டுவந்து சேர்த்தான், முகம் சுண்டிப்போய்க் கிடந்தது. ஷால்வா கேட்டார், "என்னடா, பெண்டாட்டி அடிச்சாளா?" அடித்திருந்தால் தேவலை என்கிற மாதிரி அவன் பார்த்தான்.

நார்வேக்காரர்கள் கிளம்புவதற்கு முன் கடைசி விருந்து. கற்றுக்கொண்டதை அவர்கள் எங்களோடு சேர்ந்து பாடிக் காட்ட வேண்டும். ஆளுக்கொருவராக யார் குரலைப் பழகினார்களோ அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தோர்ஸ்டைன் அவ்தோவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஷால்வா கோப்பையைத் தூக்கி இறந்தவர்களுக்காக ஒரு முறை, இருப்பவர்களுக்காக ஒரு முறை, பாட்டுக்காக ஒரு முறை பேசி முடித்தார். பாட்டு தொடங்கியது. நானும் நனூலியும் ஆட்டிறைச்சித் தட்டுகளோடு எதிர்ப்பக்கம் நின்றிருந்தோம்.

தோர்ஸ்டைன் கண்ணை மூடினார். வாயைத் திறந்தார். வெள்ளைக் கழுத்தில் நரம்பு புடைத்தது. சரியான இடத்தில் மூச்சு இழுத்தார், சரியான இடத்தில் தலையை ஆட்டினார். சத்தம் வரவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து கேட்டதை அவர் ஒரு குறையில்லாமல் கற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவ்தோவும் அதே மாதிரி வாயைத் திறந்துகொண்டிருந்தான். இரண்டு பெரிய வாய்கள், இரண்டும் காலி.

நனூலி தட்டைக் கீழே வைத்துவிட்டாள். முதலில் தோள் குலுங்கியது. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை வாயில் அடைத்துக்கொண்டாள், பயனில்லை. வெடித்துச் சிரித்தாள். பாட்டு நின்றுபோனது.

"என்னம்மா இது?" என்று ஷால்வா சீறினார். "சாமி பாட்டு பாடிட்டிருக்கோம், பல்லைக் காட்டற?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அந்தப் பெரியவர் எங்க வீட்டுக்காரர்கிட்ட நல்லாவே கத்துக்கிட்டிருக்கார். அச்சு அசல் அதேதான். சந்தோஷத்துல சிரிச்சேன்."

அவ்தோ அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, எனக்குக் கூச்சமாக இருந்தது. ஷால்வாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாராட்டு என்று நினைத்துக்கொண்டு தோர்ஸ்டைனுக்கு ஒரு மாட்டுக்கொம்புக் கோப்பை நிறைய மது ஊற்றிக்கொடுத்தார்.

கூட்டத்தைத் திபிலிசியில் விமானம் ஏற்றிவிட்டு அவ்தோ மறுநாள் மத்தியானம் திரும்பினான். நான் வேலியோரம் ஏணி போட்டுச் சீமைப் பனிச்சம்பழம் பறித்துக்கொண்டிருந்தேன். இலை மறைத்ததால் அவர்களுக்கு நான் தெரியவில்லை. நானும் தெரியப்படுத்தவில்லை.

"வண்டிய அப்புறம் கழுவலாம். இங்க வந்து உக்காரு" என்றாள் நனூலி.

"நனூலி, நான் சொல்றதக் கேளு..."

"கேக்கத்தான் கூப்பிட்டேன். பாடு."

"நீதான் எல்லாத்தையும் கேட்டுட்டியே."

"நான் கேட்டது நீ மூச்சு விட்டத. பாடினத எங்க கேட்டேன்?"

"வேணாம்டி. அது சகிக்காது. இஸ்கூல்லயே வாத்தியார்..."

"வாத்தியார் கிடக்கார். அந்தக் குரல் பக்கத்து வீட்டுக்காரருது. சரி, போச்சு. மூணு நாளு அழுது தீர்த்தாச்சு. உன் குரல் எப்படி இருக்கும்? உன்கூட இத்தன வருஷம் இருந்துட்டு அது தெரியாமயே நான் சாகணுமா?"

போய்விட்டானோ என்று இலையை விலக்கிப் பார்த்தேன். போகவில்லை. வேன் படியில் உட்கார்ந்து, ஈரக் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு பாடினான்.

அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. அது தொடங்கின இடத்தில் நிற்கவே இல்லை. நடுங்கியது, ஏறியது, ஏறின இடமும் பிடிக்காமல் இன்னும் ஏறியது. வாத்தியார் செய்தது முழுக்க முழுக்க நியாயம் என்று எனக்கே பட்டது. அவன் நிறுத்தவில்லை. கண்ணை மூடவும் இல்லை.

பின்னால் மது நிலவறையிலிருந்து ரேஸோ தலையை நீட்டினார். "எத்தேரி! அங்க யாருடி கன்னுக்குட்டிய அடிக்கறது?"

"வாய மூடிட்டு உள்ள போ" என்றேன். என் குரலில் அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அவர் போய்விட்டார்.

அவ்தோ முடித்தான். நனூலி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"மோசந்தான்" என்றாள்.

"சொன்னேன்ல."

"மறுபடியும் பாடு."

அவன் மறுபடியும் பாடினான். நான் ஏணியிலேயே நின்றேன். என் ரேஸோ பாடாத கல்யாணம் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. இப்போது நார்வேயிலும் யாரோ ஒருத்தி அவர் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுவாள். எனக்கென்று அவர் ஒரு வரி பாடினதில்லை. நானும் கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றினதில்லை. அந்த ஏணியில் நின்றுகொண்டு, அந்தக் கேவலமான பாட்டுக்காக, நனூலி மேல் எனக்கு வயிறு எரிந்தது.